சுடுதண்ணீர்க் கருவி: விலையைக் கேட்குமுன் உப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொள்ளுப்பிட்டி தொடங்கிக் கல்கிசை வரை கடலோரத் தொடர்மாடிகளில் குளியலறை ஹீட்டரைக் கழற்றிவிட்டு, சூரிய சுடுநீர்த் தொகுதியோ, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்போ பூட்டுகிற வேலை மும்முரமாக நடக்கிறது. மின்பட்டியல் ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு இது நடக்கத்தான் வேண்டும். ஆனால் கருவியோடு வரும் கையேட்டைக் கண்டிக்கு ஒன்று, மரைன் டிரைவுக்கு ஒன்று என்று எவரும் அச்சடிப்பதில்லை. காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள வீட்டில் அதே கருவி வேறு விதமாகப் பழுதாகும். சேமித்த மின்சாரக் காசு முழுவதும் திருத்த வேலைக்கே போய்விட்டால் மாற்றியதில் என்ன பயன்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாற்று மணி வேண்டும். கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவதே 27 பாகையளவில் இருக்கிறது. குளிக்க 40 பாகை போதும். ஆளுக்கு 35 லீற்றர், வீட்டில் நான்கு பேர் என்றால் நாளுக்கு 2.1 அலகு (ஓர் அலகு என்பது 1,000 வாற்று மணி), மாதத்துக்கு ஏறத்தாழ 64 அலகு. குளிக்கும்போது மட்டும் சூடாக்கும் உடனடி ஹீட்டர் இவ்வளவுதான் எடுக்கும். 50 லீற்றர் தாங்கியுள்ள கீசரை நாள் முழுக்க ஓனில் விட்டால், யாரும் குளிக்காவிட்டாலும் தாங்கியின் சுவர் வழியாகவே நாளுக்கு 1 அலகு அளவில் போகும். அப்போது மாதக் கணக்கு 93 அலகாகிவிடும். ஹீட் பம்ப் ஒரு அலகு மின்சாரத்தைக் கொண்டு வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து மூன்றரை அலகு வெப்பம் தருவதாக வைத்தால், தாங்கி இழப்பையும் சேர்த்து 27 அலகோடு முடியும். சூரியத் தொகுதிக்கு வெயில் மாதங்களில் மின்சாரமே தேவைப்படாது.

இந்த அலகுகளைப் பட்டியலின் சராசரி விலையால் பெருக்கிப் பார்ப்பது தவறு. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 அலகுகளைத் தாண்டத் தாண்ட விலை மாறுகிறது. சுடுதண்ணீரில் மிச்சம் பிடிக்கும் அலகுகள் எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான் கழிகின்றன. உங்கள் பட்டியலின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள். சிலருக்கு இந்த மாற்றம் நினைத்ததைவிட இலாபம், சிலருக்கு ஒன்றுமேயில்லை.

இரண்டே பேர் இருக்கும் ஃபிளாட்டில், காலையில் ஒரு தரம் மட்டும் சுடுதண்ணீர் எடுப்பவர்களுக்கு உடனடி ஹீட்டர் மாதம் 32 அலகு எடுக்கும், ஹீட் பம்ப் 18 அலகு எடுக்கும். மிச்சம் 14 அலகு. அந்தக் காசில் ஹீட் பம்பின் விலை மீளவே மீளாது. விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார், நாங்கள் சொல்கிறோம்: அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிற ஹீட்டரையே வைத்திருங்கள். நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓட்டத்தில் 3.5 கிலோவாற்று ஹீட்டர் தண்ணீரை 16 பாகை ஏற்றும். கொழும்புக்கு அது தாராளம். 5.5 கிலோவாற்று வாங்கி எடுக்கும் கொதிநீரைப் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற வைப்பது வீண் செலவு. தாங்கி உள்ள கீசர் என்றால் ஒரு டைமர் பூட்டி, குளிப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு மட்டும் ஓடவிடுங்கள்.

சூரியத் தொகுதிக்கு வருவோம். கொழும்பில் ஒரு சதுர மீற்றர் கூரையில் நாளொன்றுக்குச் சுமார் 5 அலகு வெயில் விழுகிறது. 2 சதுர மீற்றர் தகடு அதில் பாதியைப் பிடித்தாலே 150 லீற்றரை 25 பாகைக்கு மேல் ஏற்றிவிடலாம். தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. நாம் இருப்பது வடக்கு 7 பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். சாய்வுதான் முக்கியம். 10 முதல் 15 பாகையாவது சாய்ந்திருந்தால்தான் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், காற்றுக் குமிழும் வெளியேறும். வெள்ளவத்தையில் உண்மையான எதிரி பக்கத்துக் கட்டடத்தின் நிழல். காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மேலே ஏறி நிழல் எங்கே விழுகிறதென்று பாருங்கள், வடக்குப் பக்கத்து மாடியின் நிழலையும் சேர்த்து.

தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்கள் உள்ள சூரியத் தொகுதியில் அதிகம் நடக்கும் சேதம் நீர்வெட்டு நாளில்தான். மேல்தாங்கி வறண்டு, குழாய்கள் வெயிலில் தண்ணீரின்றிக் காய்ந்து கிடக்கும். மத்தியானம் தண்ணீர் திரும்பி வந்து குளிர்நீர் பாய்ந்ததும் படபடவென்று வெடிக்கும். நீர்வெட்டு அறிவித்தவுடன் தொகுதிக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள்; உள்ளே இருக்கும் தண்ணீர் அங்கேயே இருக்கட்டும். தொகுதி எப்படியோ வறண்டுவிட்டது என்றால் பொழுது சாய்ந்த பிறகோ விடிகாலையிலோதான் நிரப்ப வேண்டும். இன்னொன்று, கண்ணாடிக் குழாய்க்குள் நேரடியாகத் தண்ணீர் நிற்கும் மாதிரிகளுக்குப் பம்பின் அழுத்தம் ஆகாது. குழாயைத் தாங்கியோடு பிடித்திருப்பது ஒரு சிலிக்கன் வளையம் மட்டுமே. ஷவருக்கு வேகம் போதாதென்று முன்னால் அழுத்தப் பம்ப் போட்டால் அது பிதுங்கிக்கொண்டு வரும். வேகம் வேண்டுமென்றால் பம்பைச் சூடான பக்கத்தில், தாங்கிக்குப் பிறகு பூட்ட வேண்டும். தாங்கியின் மேல் நிற்கும் காற்றுக் குழாயை, பூச்சி போகிறதென்று துணி வைத்து அடைப்பவர்களும் உண்டு. தண்ணீர் கீழே இறங்கும்போது காற்று உள்ளே போக வழியில்லாமல் தாங்கியே உள்வாங்கி நசுங்கிப்போகும். மெல்லிய வலை கட்டுங்கள், அடைக்காதீர்கள்.

சூரியத் தாங்கிக்குள் இருக்கும் மின் எலிமென்ட் மழை நாளுக்கானது. அதை எப்போதும் ஓனில் வைத்திருந்தால் விடியும்போதே தாங்கி முழுக்கச் சூடாகிவிடும். அன்றைய வெயிலுக்குச் சூடாக்க ஒன்றும் மிஞ்சாது. கூரையில் தொகுதி இருக்கிறது, பட்டியல் குறையவில்லை என்று முறையிடுகிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சை. 200 லீற்றர் தாங்கி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அஸ்பெஸ்டஸ் கூரைமேல் ஏற்றக்கூடாது, சிலாப்மேல் அல்லது சுவர்மேல் இறக்க வேண்டும்.

ஹீட் பம்ப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடற்காற்று நேராகத் தின்பது அதைத்தான். உள்ளே செப்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடுகள் அடுக்கியிருக்கும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, இடையில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு பற்றரி, கரைந்துபோவது அலுமினியம். தகடுகளின் ஓரத்தில் வெள்ளை மா பூத்திருப்பதாகத் தெரிவது அதுதான். விரலால் தொட்டால் உதிரும். தகடு உதிர உதிர வெப்பம் பிடிக்கும் பரப்பு குறைகிறது, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடுகிறது, மூன்றரை மடங்கு என்று வாங்கிய கருவி இரண்டு மடங்குக்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் வழமைபோலச் சூடாக வருவதால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. பட்டியல் மட்டும் மெல்ல மெல்ல ஏறும்.

தகட்டிலுள்ள நீலப் பூச்சைக் காட்டி உப்புக்குத் தாங்கும் என்பார்கள். அந்த நீலம் பெரும்பாலும் தண்ணீர் வழிந்தோடுவதற்குப் பூசுவது. தகடு, குழாய், வளைவு எல்லாவற்றையும் சேர்த்துத் தோய்த்தெடுத்த எபொக்சிப் பூச்சா என்று கேளுங்கள். மின்னணுப் பலகைக்கு ஈரம் புகாத பூச்சு உண்டா, வெளிப்பெட்டியின் திருகாணிகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்றும் கேளுங்கள். சாதாரண 304 தர ஸ்டீலில் இல்லாத மொலிப்டினம் என்ற உலோகம் 316 தரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் 304 சில மாதங்களிலேயே தேநீர்க் கறைபோலப் பழுப்பாவது அதனால்தான். பழைய சோனகத் தெருக் கடைகளில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆகவே போல்ட்டின் தலையில் ஏ4 என்ற முத்திரையைத் தேடி வாங்குங்கள். அலுமினியச் சட்டத்தோடு சேரும் இடத்தில் நைலோன் வாஷர் வைத்தால் அங்கும் பற்றரி உண்டாகாது.

வைக்கும் இடம் பூச்சைவிட முக்கியம். மரைன் டிரைவைப் பார்த்த பல்கனியில் வைக்காதீர்கள். கட்டடத்தின் தரைப்பக்கம், காலி வீதியைப் பார்த்த சுவரில் வையுங்கள். அதற்காகக் கதவு மூடிய ஸ்டோர் அறைக்குள் தள்ளிவிடவும் கூடாது. கருவி வெளிவிடும் குளிர்காற்றையே திரும்ப இழுத்து இழுத்து அறை குளிர்ந்துவிடும், திறன் விழுந்துவிடும். காற்று வெளியேறும் பக்கம் ஒரு மீற்றராவது திறந்திருக்கட்டும். நம்மூர் ஈரக்காற்றில் அது நாளுக்குச் சில லீற்றர் தண்ணீர் வடிக்கும். அதற்கு வடிகால் குழாய் போடாமல் விட்டால் கீழ்வீட்டாரோடு சண்டைதான் வரும்.

பிறகு கழுவுதல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம், மற்ற மாதங்களில் மாதம் ஒரு தரம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பால், காற்று உள்ளே போகும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து, மேலிருந்து கீழாக நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். கார் கழுவும் பிரஷர் இயந்திரம் தகடுகளை மடித்துவிடும். அசிட் கலந்த கழுவுதிரவம் அலுமினியத்துக்கே நஞ்சு. கிணற்று உப்புத் தண்ணீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

வெளியிலிருந்து வரும் உப்பு ஒரு பக்கம். தண்ணீரோடு உள்ளே வருவது இன்னொரு பக்கம். குழாய்க் கிணற்றுத் தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்றும் கட்டடங்கள் கடலோரத்தில் நிறைய உண்டு. எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரத்தில், உப்பிலுள்ள குளோரைட்டுக்கு உச்சவரம்பு லீற்றருக்கு 250 மில்லிகிராம். நாக்குக்கு உப்புத் தெரிய ஆரம்பிப்பதும் அந்த அளவில்தான். கரித்தால் அந்தத் தண்ணீரை 304 தரத் தாங்கிக்குள் சூடாக்காதீர்கள். சூடும் குளோரைட்டும் சேர்ந்து ஒட்டுத் தையலோரம் ஊசித் துளை விழும், திருத்தினால் பக்கத்தில் இன்னொன்று விழும். கிணற்றுத் தண்ணீரைத் தவிர்க்க முடியாதவர்கள் எனாமல் பூசிய இரும்புத் தாங்கி வாங்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் மக்னீசியம் கம்பியை மறக்கக்கூடாது. தாங்கிக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைக்கப்பட்டது அது. உப்புத் தண்ணீரில் வேகமாகக் கரையும். வருடத்துக்கு ஒரு தரம் கழற்றிப் பார்த்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். அதை மாற்றாமல் விட்டால் அடுத்துக் கரைவது தாங்கி. நிறையப் பேர் தாங்கியைச் சீலிங்குக்கு ஒட்டி மாட்டிவிட்டுக் கம்பியை வெளியே இழுக்க இடமில்லாமல் நிற்கிறார்கள். மாட்டுமுன்பே அந்த நீளத்துக்கு இடம் விடுங்கள்.

வெப்பநிலையை 60 பாகையில் வையுங்கள். சிக்கனம் என்று 45க்கு இறக்கினால் தாங்கிக்குள் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா பக்டீரியா வளர வசதியாகிவிடும். அதேவேளை 60 பாகைத் தண்ணீர் ஐந்து விநாடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் தாங்கிக்குப் பிறகு கலப்பு வால்வு ஒன்று பூட்டி, குழாய்க்கு 45 பாகையாக அனுப்புங்கள். தண்ணீர் சூடாகும்போது பாதுகாப்பு வால்வு சொட்டுவது பழுது அல்ல. 100 லீற்றர் 27 பாகையிலிருந்து 60க்குப் போகையில் ஒன்றேகால் லீற்றருக்கு மேல் விரியும், அது எங்கேயாவது போக வேண்டும். சொட்டுகிறதென்று அந்த வாயைப் பிளக் அடித்து மூடிய கீசர் ஒரு குண்டு.

குழாய் வேலையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பச்சைத் தண்ணீருக்குப் போடும் சாதாரண பிவிசி குழாய் சூட்டில் இளகும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சிபிவிசி அல்லது பிபிஆர் போடுங்கள். பிபிஆர் 10 மீற்றர் நேராக ஓடினால் 35 பாகை ஏற்றத்தில் 5 சென்ரிமீற்றர் நீளும். வளைவு விடாமல் இரு முனையையும் சுவரோடு இறுக்கிப் பிடித்தால் மூட்டுத்தான் பிளக்கும். நடுவில் கண்ணாடியிழை கலந்த பிபிஆர் இதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். வெயிலில் போகும் பகுதி முழுக்க கறுப்பு றப்பர் நுரையும், அதன்மேல் அலுமினிய உறையும் வேண்டும்; நுரை மட்டும் என்றால் வெயில் அதைப் பொடியாக்கிவிடும். 15 மில்லிமீற்றர் உள்விட்டக் குழாய் மீற்றருக்கு 0.18 லீற்றர் பிடிக்கும். கூரையிலிருந்து குளியலறை வரை 20 மீற்றர் ஓட்டினால், ஒவ்வொரு முறையும் மூன்றரை லீற்றர் ஆறிய தண்ணீர் வீணாய்ப் போகும். சமையலறைச் சிங்குக்கெல்லாம் அந்தக் குழாயை நீட்ட வேண்டியதில்லை.

மின்னிணைப்பில் ஒரே ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ஹீட்டர் போட்டால் ட்ரிப் ஆகிறது என்றால் எலிமென்டின் உறையில் துளை விழுந்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், கொடுத்துவிட்டுப் போகிற பாஸ்மாரும் இருக்கிறார்கள். நனைந்த உடம்போடு ஷவரின்கீழ் நிற்பவருக்கு அது மரணம். கடலோரத்தில் எர்த் கம்பியின் இணைப்பும் துருப்பிடிக்கும்; வருடம் ஒரு தரம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி 3.5 கிலோவாற்று ஹீட்டர் 15 அம்பியருக்கு மேல் இழுப்பதால் 13 அம்பியர் பிளக்கில் குத்தக்கூடாது, தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் 20 அம்பியர் பிரேக்கரும் வேண்டும். காஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் பூட்டவே வேண்டாம், அதிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

எப்போது சூடாக்குவது என்பதும் இன்று ஒரு கேள்விதான். நாட்டின் மின்தேவை உச்சம் தொடுவது மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில், நேர அடிப்படையிலான வீட்டுக் கட்டணத்திலும் அதுதான் ஆகக்கூடிய விலை. நண்பகலிலோ கூரைச் சூரிய மின்சாரம் வழிகிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் போனது பாணந்துறை உபநிலையத்தில் தொடங்கிய கோளாற்றால் என்றாலும், தேவை குறைந்த பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததால் நாட்டின் மின்வலை தாங்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. ஹீட் பம்பின் டைமரைக் காலை 11 மணிக்கு வைத்தால், 100 லீற்றரை 60 பாகைக்கு ஏற்ற 1.1 அலகு அளவிலேயே எடுத்து, இரண்டு மணித்தியால அளவில் நின்றுவிடும். பகல் காற்றும் சூடானது, ஆகவே கருவிக்கும் சுமை குறைவு. நல்ல உறையுள்ள தாங்கியில் மறுநாள் காலைக் குளிப்பு வரைக்கும் சூடு நிற்கும். கம்பனிக்காரர் பூட்டும்போது டைமரை வைக்காமலே போய்விடுவதுண்டு. அவர் படியிறங்குமுன் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தொடர்மாடி முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரை எல்லா வீட்டாருக்கும் பொதுவானது. முதலில் வந்தவர் இடம் பிடிப்பது என்றால் நாலாவது தொகுதியோடு கூரை நிரம்பிவிடும், கீழ்மாடிக்காரருக்கு 25 மீற்றர் குழாய்தான் மிஞ்சும். மேல் இரண்டு மாடிகளுக்குச் சூரியத் தொகுதி, கீழ்மாடிகளுக்கு அவரவர் தளத்தின் தரைப்பக்கச் சுவரில் ஹீட் பம்ப் என்று பிரித்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். கழுவுவதற்குக் கூரையில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய், வடிதண்ணீருக்கு ஒரு பொதுக் குழாய் ஆகியவற்றை இப்போதே போட்டுவிட்டால் பிறகு சுவரைக் கொத்த வேண்டியதில்லை.

விற்பனையாளர்களிடம் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டியவை இவை: தாங்கி எந்தத் தரம், எவ்வளவு குளோரைட் வரை உத்தரவாதம் செல்லும், கடலிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது, மக்னீசியம் கம்பியும் சிலிக்கன் வளையமும் கொழும்பில் கிடைக்குமா. உத்தரவாதப் பத்திரத்தின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் கடலோரம் விலக்கப்பட்டிருப்பது உண்டு. முற்பணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.

இப்படிக்கு,
குழாய், மின்னிணைப்பு வேலைகள் செய்வோர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.